சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய மிஷின்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். மாமனார் இருந்தவரை அது ஒரே வீடு. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவில் ஒற்றைச் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி கொழுந்தனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும். அவள் வீட்டில் மிளகாய் கிள்ளித் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் என் வீட்டுக்காரரைத் திட்டினால் அவளுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். அப்பேர்ப்பட்ட சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் எம்பிராய்டரி மிஷின் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வயிற்றெரிச்சல் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது. பழவேற்காட்டு மருந்துக்கடையில் போய், சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லி, ரோஸ் கலரில் ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்து குடித்தேன். கடைக்காரர் காரம் குறைக்கச் சொன்னார். காரமா காரணம்? என் ஓரகத்தி காரணம் என்று அவரிடம் சொல்லவா முடியும்?

இந்தக் குப்பத்துக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து ஜாக்கெட் என்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அளவு ஜாக்கெட் கூடக் கேட்க மாட்டேன். ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், தோள்பட்டை எங்கே இறங்கும், கை எங்கே பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். நண்டு பிடித்து, ஏரித் தண்ணீரில் இறால் தடவி எடுத்துத் தோள் அகன்றுபோன பெண்களுக்கு டவுன் டெய்லர்கள் தைத்துக் கொடுத்தது ஒரு நாளும் சரியாக உட்கார்ந்ததில்லை. நான் தைத்தது உட்கார்ந்தது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பூ வேலை, மணி வேலை எனக்கு வராது. என் விரல் முரட்டு விரல். ஓரகத்தி கல்யாணத்துக்கு முன்னால் பொன்னேரியில் ஆரி ஊசிப் பூவேலை கிளாஸ் போனவள். சர்டிபிகேட் எல்லாம் வைத்திருந்தாள். வைத்துக்கொள்ளட்டும், ஊரில் யார் ஆரி வேலை கேட்டார்கள் என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

கொஞ்ச காலத்தில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். ஃபோனில் கல்யாண வீடியோ பார்த்துப் பார்த்து, காது குத்துக்குக்கூட முதுகில் மயில் வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அவள் வீட்டு வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. வெளிநாட்டுக் கடையிலிருந்து பாதிக்கும் கீழான விலையில் வரவழைத்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். தெருவே போய்ப் பார்த்தது. நானும் போனேன். வெள்ளை வெளேரென்று, பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஸ்க்ரீன். விரலால் பூவைத் தொட்டால் ஊசி தானாக அந்தப் பூவைப் போடுகிறது. தொட்டுப் பார்க்கலாமா என்று நான் கையை நீட்டியதும், 'ஐயோ அக்கா, எண்ணெய்க் கை' என்று ஒரு துணியை எடுத்து மூடினாள். நான் அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போயிருந்தேன் என்பது உண்மைதான். அதற்காக அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா?

அடுத்த மாதமே வாசலில் போர்டு மாட்டினாள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்று சிவப்பு எழுத்து. என் வீட்டுப் படியைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். போகிறவர்கள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவார்கள். பத்து மணியானால் அந்தப் பக்கம் மிஷின் ஓட ஆரம்பிக்கும். கடகடவென்று விட்டு விட்டுக்கூட இல்லை, ஒரே ஓட்டமாக ஓடும். அப்படி என்னதான் போடுகிறாள் என்று நான் இந்தப் பக்கம் காஜா எடுத்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன். வேலை அவ்வளவு சுத்தம் என்று ஊரே பேசியது. மிஷின் போட்டது என்றால் சும்மாவா என்று என் காதுபடவே சொன்னார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் பெண்ணழைப்பு அன்று சாயந்திரம் பெண் கட்டுவது தாய்மாமன் வீட்டுச் சீர்ப் புடவை. புடவையை மாமன் எடுப்பார், ஜாக்கெட் மாமன் பெண்டாட்டி பொறுப்பு. மேடையில் பெண் ஏறும்போது ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் எந்த மாமி, எப்படிப்பட்ட மாமி என்று பேசுவார்கள். என் வீட்டுக்காரர் மூத்த மாமன். முறைப்படி ஜாக்கெட் என்னுடையது. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பத்திரிகை வைக்க வந்த நாத்தனார் காபியைக் குடித்துவிட்டு இழுத்து இழுத்து ஆரம்பித்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சின்ன அண்ணிகிட்டதான் மிஷின் கீதே, எம் பொண்ணு அதுல போட்டாத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. தையலை நீங்களே தைங்க. வேலை மட்டும் அவங்க போடட்டும்."

வேலை அவளுடையதானால் தையலை யார் பார்ப்பார்கள்? நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் மிஷின் வருகிறது, ஆர்டர் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது ஆர்டரும் போடவில்லை, எந்தக் கடையில் போடுவது என்றும் தெரியாது. நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் நீங்களே எல்லாம் செய்யுங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே ஃபோனில் தேட உட்கார்ந்தேன். ஒரு தடவை தேடினால் போதும், அப்புறம் அதுவே நம்மைத் தேடி வருகிறது. எந்த வீடியோ பார்த்தாலும் நடுவில் ஒரு மிஷின். கடைசியில் ஒரு வெளிநாட்டுக் கடை. கடையை மூடுகிறார்களாம், இருக்கிற சரக்கையெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்களாம். ஓரகத்தி மிஷினைவிடப் பெரியது, விலை அவள் கொடுத்ததைவிடக் குறைவு. பக்கத்தில் ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வந்தது. அது முடிவதற்குள் வாங்காவிட்டால் பழைய விலையாம். மறுநாள் பார்த்தபோது அதே கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். அதற்குள் நான் பணம் கட்டிவிட்டேன்.

ஓரகத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்தக் கடை, எப்படி வந்தது, ஏதாவது பார்த்து வாங்க வேண்டுமா என்று. அவளிடம் போய்க் கேட்பதா? அதற்கு நான் கையாலேயே மணி கோத்துவிடுவேன்.

மிஷின் வரும் வரும் என்று வழி பார்த்துக் கண் பூத்துப்போனது. கடைசியில் கூரியர்காரர் வந்து பெட்டியைக் கண்ணில் காட்டிவிட்டு, வெளிநாட்டுச் சாமானுக்கு வரி கட்டினால்தான் கொடுப்பேன் என்று வாசலில் நின்றார். இது யார் சொன்னது? கடையில் எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தது. வாய்ச்சண்டை போட்டால் அவள் காதில் விழும். கப்சிப்பென்று கட்டி வாங்கிக்கொண்டேன். அடிமாட்டு விலையில் பாதி அங்கேயே போயிற்று.

பெட்டியைப் பிரித்தால், துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தில் ஒன்று உடைந்து கிடந்தது. புத்தகத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ ஒரு பாஷை. ஸ்க்ரீனில் இருந்த டிசைன்களைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரடி, கேக்கு, குடை, கொம்பு வைத்த மான். மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. நல்லவேளை, ஒரு ரோஜாக்கொடி மட்டும் இருந்தது. ப்ளக்கில் தட்டையாக இரண்டு கம்பி, நம் ஊர் பாயிண்டில் ஏறவே ஏறாது. அதற்கு ஒரு அடாப்டர் வாங்கப் பழவேற்காட்டுக்குப் போனபோதுதான், எலக்ட்ரிக் கடைக்காரர் மிஷின் பின்னால் ஒட்டியிருந்த லேபிளை என் ஃபோட்டோவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இது நூற்றிப்பத்து வோல்ட்டு மிஷின், நம் ஊர் கரண்டு அதற்கு இரண்டு மடங்கு, சொருகினால் புகைதான் வரும் என்றார். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும், அது மெட்ராஸ் போனால்தான் கிடைக்கும் என்றார்.

கடைக்கு எழுதினேன். பதில் இங்கிலீஷில் வந்தது. ஃபோனே தமிழாக்கிக் காட்டியது. 'அன்புள்ள நண்பரே, உங்கள் மகிழ்ச்சியே எங்கள் பசி' என்று ஆரம்பித்து, திருப்பி அனுப்புவதானால் என் செலவில் அனுப்ப வேண்டும் என்று முடிந்தது. விசாரித்தால் அந்தச் செலவு மிஷின் விலையைத் தாண்டும்போல் இருந்தது. உடைந்த வளையத்துக்கு வருத்தம் தெரிவித்து, அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருவதாக ஒரு கூப்பன் அனுப்பியிருந்தார்கள். அடுத்த முறையாம்! அந்த நண்பர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவர் பசி தீர்ந்திருக்கும்.

மெட்ராஸ் போய் டிரான்ஸ்பார்மரை வாங்கி வந்திருக்கலாம். காலையில் கிளம்பினால் சாயந்திரம் வந்துவிடலாம். ஆனால் நான் வெளியே கிளம்பினாலே ஓரகத்தி, 'எங்கக்கா?' என்பாள். டிரான்ஸ்பார்மர் தூக்கிக்கொண்டு வந்து அவள் கண்ணில் பட்டால் போதும், பெரியவள் ஏமாந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் குப்பத்துக் கரண்டு தெரிந்தவர்களுக்குப் புரியும். லைனில் கடைசி ஊர் நாங்கள். சாயந்திரம் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியின் மோட்டார் அத்தனையும் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் எங்களுக்குக் கரண்டே இருக்காது. பல்பு மஞ்சளாகிவிடும். ஃபேன் ஊர்ந்து ஊர்ந்து சுற்றும், இறக்கையை எண்ணிவிடலாம். மிக்சி முக்கும். இத்தனை வருஷமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்று ஊர்கிற ஃபேனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதிக் கரண்டுக்குச் செய்த மிஷின். நம் ஊரில் சாயந்திரம் பாதிக் கரண்டுதான் வருகிறது. இதற்கு எதற்கு டிரான்ஸ்பார்மர்?

சாமியைக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்கே வாங்கி வந்திருந்த அடாப்டரை மாட்டிச் சொருகினேன். ஸ்க்ரீனில் வெளிச்சம் வந்தது. ரோஜாக்கொடியைத் தொட்டேன். ஊசி இறங்கியது. கொஞ்சம் சூடானது, கொஞ்சம் முனகியது, ஆனால் ஓடியது. வலைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, இது ஆகிற காரியமில்லை என்று முனகினார். உன் படகு இன்ஜினை நீ பார் என்று அனுப்பிவிட்டேன்.

அதிலிருந்து ஃபேன்தான் எனக்கு மீட்டர். ஃபேன் ஊர்ந்தால் மிஷினைப் போடுவேன், ஃபேன் வேகம் பிடித்தால் பிடுங்கிவிடுவேன். சுவரை ஒட்டியே மிஷினை வைத்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் வைத்தேன். இத்தனை நாள் நான் கேட்டேன் அல்லவா? மாம்பழக் கலர்ப் பட்டில், பின்கழுத்தைச் சுற்றி ரோஜாக்கொடி முழுதாக வந்து உட்கார்ந்தபோது, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நாத்தனாருக்கு ஃபோட்டோ அனுப்பினேன். மகள் பார்த்துவிட்டுக் குதிக்கிறாள் என்று பதில் வந்தது. பாக்கி இரண்டு கைக்கும் அதே கொடியைப் போட்டுவிட்டால் தைத்து முடித்துவிடலாம். அந்த ரோஸ் மருந்து பாட்டிலை அன்றைக்குத்தான் தூக்கிப் போட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத சமயத்தில் அடுத்த தெருவில் ஒரு பெரியவர் காலமானார். எங்களுக்கு உறவு இல்லை, தீட்டு இல்லை. ஆனால் எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிறவரை ஒரு படகும் இறங்காது. ஏரிக்கும் போகக் கூடாது, கடலுக்கும் போகக் கூடாது. அவருடைய பிள்ளை வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள்தான் எடுப்பது என்றார்கள். நானும் போய்த் தலையைக் காட்டி, உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். வந்தவள் சும்மா இருக்கக் கூடாதா? கை இரண்டும் பாக்கி என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாவு விழுந்த ஊரில் மிஷின் போட்டால் பேச்சு வரும். அதனால் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, ஃபேனையும் நிறுத்தி, ஆள் இல்லாத வீடு மாதிரி ஆக்கினேன். பறை அடிக்கிற சத்தத்தில் மிஷின் சத்தம் வெளியே கேட்காது என்று கணக்குப் போட்டேன். ஐஸ் கம்பெனி ஓடுகிற நேரம்தான் என்று ஜன்னல் வெளிச்சத்தில் மிஷினைச் சொருகினேன்.

ஐஸ் கம்பெனி ஓடவில்லை. படகு இறங்காத நாளில் மீன் ஏது? மீன் இல்லாத நாளில் ஐஸ் யாருக்கு? அங்கே வேலை செய்கிற ஆட்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், எல்லோரும் சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு முதலாளியே மாலையோடு வந்துபோனாராம். ஆயுசுக்கும் இல்லாத முழுக் கரண்டு அன்றைக்கு எங்கள் குப்பத்துக்கு வந்தது. ஃபேன் ஓடியிருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். அதைத்தான் நான் நிறுத்தி வைத்திருந்தேனே.

ஊசி ஒரு ரோஜாவில் பாதி போட்டது. அப்புறம் பட்டென்று ஒரு சத்தம். ஸ்க்ரீன் வெள்ளையாகி அணைந்தது. பின்பக்கம் புகை. பிடுங்கி எறிந்துவிட்டு, துணியில் நெருப்பு பிடிக்குமோ என்று அதைத்தான் முதலில் பார்த்தேன். ஊசி பட்டில் குத்தியபடியே நின்றுவிட்டிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றித் துணியை எடுத்தேன். துணி தப்பித்தது. வீடு முழுக்கக் கருகிய ரப்பர் நாற்றம். கதவைத் திறக்க முடியாது, திறந்தால் அவளுக்கு மூக்கில் ஏறும். அந்தப் புகையிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சாவு வீட்டில் அழுததைவிட அதிகமாகவே அழுதேன்.

எரிந்துபோன மிஷினுக்காக மட்டும் இல்லை. பெண்ணழைப்புக்கு ஜாக்கெட் வேண்டும். பின்கழுத்தில் வேலை, கை மொட்டை என்று கொடுக்க முடியாது. கடையில் கொடுத்தால் இந்த நாளுக்குள் ஆகாது என்று பொன்னேரியில் இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். மூத்த மாமன் சீர் அரைகுறையாக வந்தது என்று பெண்ணின் புகுந்த வீட்டார் காலத்துக்கும் சொல்லுவார்கள். இந்த ஊரில் அந்தக் கையை முடிக்கக் கூடியவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் வேறு, அவளும் நம் வீட்டுப் பெண்தானே, போய்க் கேள் என்றார். அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, துணியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன்.

அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை போலும். கொல்லைப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்த் தள்ளினேன், திறந்துகொண்டது.

முன்னறையில் அவளுடைய சாதாரணத் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி இல்லை. நூல் இல்லை. ஸ்டூலில் ஆள் இல்லை. மோட்டார் பெடல் மேல் ஒரு அரைச் செங்கல் வைத்திருந்தது. ஊசி வெறுமனே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எம்பிராய்டரி மிஷின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அவள் தரையில் ஆரி ஃபிரேமைப் போட்டு, குனிந்து கையால் மயில் போட்டுக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். அவள் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. எழுந்து செங்கல்லை எடுத்தாள். வீடு அமைதியாகிவிட்டது.

"இன்னா இது?" என்றேன்.

"அது ஒரு வாரங்கூட ஓடலக்கா. ஸ்க்ரீன் அப்படியே நின்னுபோச்சு. மெட்ராஸ்ல காட்டினா, இந்த மிஷினுக்கு இங்க பார்ட்ஸே கெடையாதுன்னுட்டாங்க. வித்த கடை இப்ப ஃபோன்லயே இல்ல."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா நீ?"

"உங்ககிட்டயா?" என்று என்னையே பார்த்தாள். "சொல்லிட்டு நான் இந்தத் தெருவுல எப்படி நடக்கிறது?"

அவள் சொன்னது சரிதான். தெரிந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன், தண்ணி எடுக்கப் போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் கோபமும் பொங்கியது. அவள் வாயைத் திறந்திருந்தால் நான் ஏன் அந்தக் குப்பையை வாங்கப் போகிறேன்? அவள் செங்கல் ஓட்டிய மிஷினைப் பார்த்து நான் நிஜ மிஷின் வாங்கி எரித்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை, கையால் போடுகிற வேலைக்கு வெளியே கூலி அதிகம். இவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கையால் போட்டதையெல்லாம், மிஷின் வேலை என்று சொல்லிக் குறைத்து வாங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்காக.

நான் இடுப்பிலிருந்து துணியை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். பாதி ரோஜாவோடு நின்ற கையைப் பார்த்தாள். கருகிய நாற்றம் துணியில் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் ஒன்று சொன்னாள்.

"சாயந்திரம் சாயந்திரம் உங்க மிஷின் ஓடுமே, அப்பல்லாம் இந்தச் சுவத்துல காத வச்சிக்கினு கெடப்பேன். அக்காவுக்கு மட்டும் எப்படி ஓடுதுனு. வயிறு எரிஞ்சு செத்தேங்கா."

சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. அந்த நிமிஷம் மட்டும் மிஷின் எரிந்ததுகூடப் பரவாயில்லை என்று பட்டது. எரியட்டும், நான் எரிந்த மாதிரி அவளும் கொஞ்ச நாள் எரிந்திருக்கிறாள்.

அந்தக் குளிர்ச்சி அன்று சாயந்திரம் வரைகூட நிற்கவில்லை. அவள் துணியை ஃபிரேமில் பிடித்து, மிஷின் போட்ட ரோஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதி ரோஜாவிலிருந்து தொடர்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தேன். அவள் வலது கை துணிக்கு மேலே, இடது கை துணிக்கு அடியில். ஊசி போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை. இதழ் தானாக முளைத்த மாதிரி வந்தது. மிஷின் எங்கே விட்டது, இவள் எங்கே பிடித்தாள் என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. இத்தனை மாதம் ஒரு மிஷினைப் பார்த்தல்லவா வயிறு எரிந்தேன். அது பரவாயில்லை, மிஷினைக் காசு கொடுத்தால் வாங்கலாம். இந்த விரலை எந்தக் கடையில் போய் எந்தத் தள்ளுபடியில் வாங்குவது? வீட்டுக்கு வந்து மறுபடி மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினேன்.

இரண்டு கையும் முடித்துக் கொடுத்தாள். கூலி என்று வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னேன், அவளும் அதையே என்னிடம் சொன்னாள். உட்கார்ந்து தைத்தேன். என் தையல் எப்போதும்போல் உட்கார்ந்தது.

பெண்ணழைப்பு அன்று பொன்னேரி மண்டபத்தில் பெண்ணை மேடையேற்றினார்கள். நான் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தேன். பெண் வந்து நின்றாள். அலங்காரம் செய்த பெண் எவளோ, இடுப்புக்குக் கீழ்வரை ஒரு ஜடை வைத்து, அதில் தாழம்பூவும் மல்லிகையுமாகக் கையகலத்துக்கு வேய்ந்து முதுகு மொத்தத்தையும் மூடியிருந்தாள். கழுத்தில் மாலை வேறு. நான் போட்ட பின்கழுத்து வேலையில் ஒரு இதழ்கூடத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இரண்டு கை. மேடை லைட்டில் அந்த இரண்டு கையும் தகதகவென்றிருந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தக் கையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததே இல்லை, யார் போட்டது என்று கேட்டார்கள்.

ஓரகத்தி எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க அக்காதான். தையல், வேலை எல்லாமே அவங்கதான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நான் சிரித்தேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலைக்கு எனக்கு எதற்குப் பாராட்டு? என் வேலை அங்கேயே இருக்கிறதே, ஜடைக்கு அடியில், ஒருத்தரும் பார்க்காமல். பொறுக்க முடியவில்லை. மாலையைச் சரிசெய்கிற சாக்கில் மேடை ஏறினேன். ஜடையைத் தூக்கி, பெண்ணின் இடது தோள் வழியாக முன்னால் போட்டேன். முதுகு தெரிந்தது. ஆனால் அந்தப் பூ ஜடை இடது கை வேலையை அப்படியே மூடிக்கொண்டது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. கேமராக்காரர் சலித்துக்கொண்டார். அம்மா, முன்பக்கத்திலிருந்து எடுக்கும்போது முதுகு எங்கே தெரியும், ஜடையைப் பின்னால் போடுங்கள் என்றார். நான் நகரவில்லை. பெண் தலையைத் திருப்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கீழேயிருந்து ஓரகத்தி மேடை ஏறி வந்தாள். ஜடையை எடுத்துப் பின்னால் போடத்தான் வருகிறாள், போடட்டும் பார்க்கலாம் என்று நான் விறைப்பாக நின்றேன். அவள் ஜடையைத் தொடவே இல்லை. பெண்ணின் இரண்டு தோளையும் மெல்லப் பிடித்து, கேமராவுக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பி நிறுத்தினாள்.

"தம்பி, இப்படி ஒண்ணு எடுப்பா. அக்கா வேலை இங்கதான் கீது."

எடுத்தார். ரோஜாக்கொடி முழுதாக விழுந்திருக்கிறது, ஒரு இதழ்கூட விட்டுப்போகவில்லை. கல்யாணப் படங்களில் அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது, நாத்தனார் அனுப்பினாள். என் ஃபோனில் இருக்கிறது. திறந்தால், பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பிய அந்த விரல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. இதுவரை நான் அதை ஒருத்தருக்கும் காட்டவில்லை.